இடது பின்சக்கரம்

என் வீட்டுக்காரர் குற்றாலத்துக்கு மேலே மலையில் இருந்த ஒரு கிராம்புத் தோட்டத்தில் மேற்பார்வை வேலை பார்த்தார். தோட்டத்து ஜீப் தென்காசியில் எங்கள் வீட்டு முற்றத்தில், ஓலைச் சாய்ப்புக்குக் கீழேதான் நிற்கும். சண்டைக்காலத்தில் பட்டாளத்தில் ஓடி, பிறகு ஏலத்துக்கு வந்த வண்டி. வாரத்துக்கு ஒருமுறை அதில்தான் மேலே இருக்கிற கூலியாட்களுக்கு அரிசி, பருப்பு, மண்ணெண்ணெய் எல்லாம் போகும்.

அறுபதுகளின் தொடக்கத்தில் ஒரு ஆனி மாதம். அந்த ஜீப்பின் இடது பின்சக்கரத்தில் எண்ணெய் கசிய ஆரம்பித்தது. அச்சுக்குழாய்க்குள் இருக்கிற கியர் ஆயில் வெளியே வராமல் சக்கரத்தோரம் ஒரு வளையம் தடுத்து நிற்கும். ஆயில் சீல் என்பார்கள். தோலில் செய்தது. அதைத் தாண்டி எண்ணெய் வந்தால் நேரே பிரேக் கட்டையில் போய் இறங்கும், அப்புறம் மிதித்தாலும் பிடிக்காது. பட்டறைக்காரர் இரண்டு தடவை சீல் மாற்றிக் கொடுத்தார். இரண்டு தடவையும் ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. என் வீட்டுக்காரருக்குக் கோபம் வந்துவிட்டது. புதுசாக இரண்டு சீல் வாங்கிக்கொண்டு வந்து, "வீட்டுல வச்சு நானே பாத்துக்கிடுதேன்" என்றார்.

மறுநாள் காலையில் கிணற்றடிப் பாசியில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டை ஒடித்துக்கொண்டார். வைத்தியர் முட்டைப் பத்துப் போட்டு மூங்கில் பத்தை வைத்துக் கட்டிவிட்டார். ஒன்றரை மாசம் கையை அசைக்கக் கூடாது.

அன்றிலிருந்து அவருக்குக் குளிக்க வார்ப்பது, சோறு ஊட்டுவது, வேட்டி கட்டிவிடுவது எல்லாம் நான். அதுகூடப் பரவாயில்லை. வாய்தான் ஓயவில்லை. "ஞாயித்துக்கெழம அரிசி போவணும். இல்லன்னா மேல பட்டினி. ஏட்டி, கேக்குதியா?" என்று விடிந்ததிலிருந்து இருட்டுகிறவரை. தோட்டத்தில் இன்னொரு டிரைவர் உண்டு, செங்கோட்டைப் பக்கத்துப் பையன், ஓட்டத் தெரியும், கழற்றத் தெரியாது. பட்டறைக்காரர் குற்றால சீசன் டாக்சிகளுக்கு நடுவில் இந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை.

புதன்கிழமை நான்தான் கேட்டேன். "எப்படிக் கழத்தணும்னு சொல்லுங்க. நான் கழத்துதேன்."

தைரியத்தில் சொன்னதில்லை. அந்தப் பேச்சைக் கேட்டுக்கொண்டே அடுப்பில் நிற்பதைவிட வண்டிக்கடியில் கிடப்பது மேல் என்று தோன்றியது. அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். அந்த ஜீப்பைத் துடைக்கக்கூட அதுவரை என்னை விட்டதில்லை.

"சேலைய இழுத்துச் சொருவிக்கோ" என்றார்.

கயிற்றுக் கட்டிலைச் சாய்ப்புக்குப் பக்கத்தில் போட்டு அவரை உட்கார வைத்தேன். முன்சக்கரத்துக்குக் கல் கொடுத்து, ஜாக்கி வைத்துத் தூக்கி, அச்சுக்கடியில் இரண்டு உத்தரக்கட்டையைச் செருகினேன். சக்கரம் வந்துவிட்டது. நடுவில் இருந்த பெரிய நட்டுதான் அசையவே இல்லை. ஸ்பானரில் தண்ணீர்க் குழாய்த் துண்டைச் சொருகித் தொங்கிப் பார்த்தேன். அசையவில்லை. உறைமோர் வாங்க வந்த எதிர்வீட்டு அக்கா கிண்ணத்தோடு நின்று பார்த்தாள்.

"என்ன கூத்துட்டி இது?"

"வந்து பிடிங்கக்கா."

கிண்ணத்தைத் திண்டில் வைத்துவிட்டு வந்தாள். இரண்டு பேரும் குழாயின் நுனியைப் பிடித்து மொத்தக் கனத்தையும் போட்டோம். டக்கென்று நட்டு விட்டுக்கொடுத்தது. நாங்கள் இரண்டு பேரும் சகதியில் உட்கார்ந்திருந்தோம். எங்கள் வீடு குற்றாலம் ரோட்டின் மேலேயே இருந்தது. அருவிக்குப் போகிற பஸ்ஸில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்துச் சிரித்துக்கொண்டு போனார்கள். அக்காவும் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. உலை வைத்திருந்தது நினைவுக்கு வந்தது.

சக்கரக் குடத்தை வெளியே இழுத்ததும் கறுப்பாக எண்ணெய் கொட்டியது. கெட்டுப்போன முட்டையையும் கந்தகத்தையும் சேர்த்துக் காய்ச்சினது போல ஒரு நாற்றம். மூன்று நாள் சீயக்காய் தேய்த்தும் அது என் தலைமயிரை விட்டுப் போகவில்லை. பழைய ஆயில் சீலை நெம்பி எடுத்தேன். புதுசை எண்ணெயில் ஊறப்போட்டு, வியாழக்கிழமை குடத்துக்குள் இறக்கினேன். ஒரு பக்கம் தட்டினால் மறு பக்கம் எழும்பியது. "சமமாத் தட்டு, சமமாத் தட்டு" என்று அவர் கத்தினார். எழுந்து அடுக்களைக்குப் போய் அரிசி அளக்கிற இரும்பு உழக்கை எடுத்து வந்தேன். அதன் அடிப்பாகம் சீலின் விளிம்புக்குச் சரியாக இருந்தது. அதை மேலே வைத்துத் தட்டினேன், கோணாமல் இறங்கிவிட்டது. பிரேக் கட்டையைப் பெட்ரோலில் கழுவி, உப்புத்தாளால் தேய்த்து, எல்லாவற்றையும் மாட்டி முடிக்கும்போது சாயங்காலம். நகக்கண்ணெல்லாம் கிழிந்து கிடந்தது. அவருக்குச் சோறு பிசைந்து ஊட்டும்போது, "கையில கியர் ஆயில் நாறுது" என்றார். நான் அவர் முகத்தைப் பார்த்தேன். மிச்சத்தையும் சாப்பிட்டார்.

வெள்ளிக்கிழமை அந்த டிரைவர் வந்து, குற்றாலம் வரை ஓட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பினான். இறங்கும்போதே அவன் முகம் சரியில்லை.

"அக்கா, பின்னயும் வருதே."

போய்ப் பார்த்தேன். சக்கரத்தின் உள்பக்கம் கறுப்பாக ஒரு கோடு இறங்கியிருந்தது. நான் அப்படியே ஈரத்தரையில் உட்கார்ந்துவிட்டேன். அழுகை வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். வரவில்லை. சாரல் தூறிக்கொண்டே இருந்தது. மலையை மேகம் மூடியிருந்தது. அந்த மேகத்துக்குள் எங்கேயோ அரிசிக்காக ஆட்கள் காத்திருக்கிறார்கள், அவர்களுக்கு நான் என்ன செய்ய முடியும் என்று இருந்தது.

"எண்ணெ எவ்வளவு கொறஞ்சிருக்குன்னு பாரு. அச்சுக்கு நடுவுல உருண்டையா இருக்குல்லா, அதுல ஒரு திருகாணி இருக்கும், அதக் கழத்து" என்றார் கட்டிலில் இருந்தபடி.

மறுபடியும் அடியில் போய்ப் படுத்தேன். ஓடி வந்த சூட்டில் இரும்பு கையைச் சுட்டது. துணியைச் சுற்றித் திருகாணியைத் திருப்பினேன். அது வெளியே வருவதற்குள் புஸ்ஸென்று காற்று அடித்து, முகமெல்லாம் எண்ணெய் தெறித்தது.

"உள்ள எதுக்குங்க காத்து அடச்சு வச்சிருக்காவ?" என்று கேட்டேன். தெரியாமல்தான் கேட்டேன்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே தலையை நீட்டினேன். அவர் கட்டிலில் இருந்து எழுந்து நின்றுகொண்டிருந்தார்.

"என்ன சொன்ன?"

"திருகாணியக் கழத்துனதும் புஸ்ஸுன்னு காத்து வந்துச்சு."

"அச்சுக்கு மேல் பக்கம் கையவிட்டுப் பாரு. சின்னதா ஒரு மூடி மாதிரி தட்டுப்படும்."

தடவினேன். மூடி என்று எதுவும் தெரியவில்லை. ஒரு மண்கட்டிதான் கைக்கு வந்தது. மலைச் சேறு காய்ந்து கல்லாக இறுகியிருந்தது. கொண்டை ஊசியை எடுத்துக் குத்திக் குத்திச் சுரண்டினேன். உள்ளே ஒரு சிறு துவாரம்.

"அதுதான் மூச்சுவிடுத ஓட்ட" என்றார் அவர். குரல் இறங்கியிருந்தது. "வண்டி ஓடுதப்ப உள்ள சூடேறிக் காத்து பெருக்கும். அது வழியா வெளிய போவணும். அது அடச்சுப்போச்சுன்னா எண்ணெயத்தான் தள்ளும். எத்தன சீல் போட்டாலும் நிக்காது."

பட்டறையில் கழற்றியபோது யாரும் அதைப் பார்க்கவில்லை. இவரும் பார்க்கவில்லை. நான் போட்ட சீலில் ஒரு குறையும் இல்லை. ஆனாலும் பிரேக் கட்டையில் எண்ணெய் இறங்கிவிட்டதே, எல்லாவற்றையும் திரும்பக் கழற்றிக் கழுவித்தான் ஆக வேண்டும். இந்தத் தடவை நட்டுக்கு டிரைவர் இருந்தான். மற்றதை நானே செய்தேன். எந்த ஆணிக்குப் பின் எந்த ஆணி என்று அவர் சொல்லவில்லை, நான் கேட்கவும் இல்லை.

சனிக்கிழமை அவன் குற்றாலம் போய், ஏற்றத்தில் இரண்டு தடவை ஏறி இறங்கிவிட்டு வந்தான். சக்கரம் உலர்ந்திருந்தது. பிரேக்கை மிதித்த இடத்தில் வண்டி நின்றது. ஞாயிறு காலை மூட்டைகளை ஏற்றிக்கொண்டு கிளம்பும்போது, "ஆரு அண்ணாச்சி இதக் கண்டுபிடிச்சது?" என்று கேட்டான்.

அவர் இடது கையை என் பக்கம் நீட்டினார்.

"அவதான். காத்துச் சத்தம் அவளுக்குத்தான் கேட்டுது."

அவன் அதைத் தமாஷ் என்று நினைத்துச் சிரித்துவிட்டுப் போனான். எனக்கு அவர் சொன்னதும் பெரிதாகப் படவில்லை, அவன் சிரித்ததும் உறைக்கவில்லை. உள்ளே போய்த் தரையில் பாயில்லாமல் படுத்தேன்.

முழித்தபோது உச்சிப்பொழுது தாண்டியிருந்தது. அடுக்களையில் புகை. அவர் இடது கையால் சோறு வடித்திருந்தார். வடித்தார் என்று சொல்ல முடியாது, கஞ்சி பாதி தரையில், சோறு களியாகக் குழைந்திருந்தது. உப்பு இரண்டு தடவை போட்டிருக்க வேண்டும். இரண்டு பேரும் அதைத்தான் சாப்பிட்டோம்.

சாயங்காலம் வண்டி பத்திரமாக இறங்கி வந்தது. அவர் மணிக்கட்டு கூடியது, ஆனால் கொஞ்சம் கோணலாக. ஸ்பானரை இறுக்கிப் பிடிக்க அதற்கப்புறம் அவருக்கு முடியவில்லை. அதனால் ஜீப்பை ஏலத்தில் விடுகிறவரை, அதற்கு என்ன வந்தாலும் முற்றத்தில் இருந்து, "ஏட்டி, இங்கன வா, வந்து பாரு" என்று குரல் வரும். ஊரில் சில பேர் அதைப் பெருமையாகப் பேசினார்கள் என்று கேள்விப்பட்டேன். எனக்கு அப்படித் தோன்றியதில்லை. இருந்த வேலைகளோடு ஒரு வேலை கூடியது, அவ்வளவுதான். அடுப்பைத் தணித்து வைத்துவிட்டு, சேலையைச் சொருகிக்கொண்டு போவேன்.