கண்ணில் ஒரு சொட்டு

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். ஒருநாள் அதை அம்மாவிடமே காட்டிவிட்டேன்.

களமசேரியில் நான் வேலை பார்க்கும் ஆய்வுக்கூடத்தில், கோழிகளைக் கொத்துக் கொத்தாகக் கொல்லும் வெள்ளைக் கழிச்சல் நோய்க்குப் புதிய தடுப்பு மருந்து செய்திருந்தோம். பழைய மருந்து ஐஸ் பெட்டியை விட்டு வெளியே வந்தால் வீண். எங்களுடையது வெக்கையையும் தாங்கும். அனுமதி வாங்கி, மட்டாஞ்சேரியில் எங்கள் தெருக் கோழிகளுக்கே கொடுத்துப் பார்த்தோம். இரண்டு மணி நேரம் தண்ணீர் காட்டக் கூடாது. பிறகு மருந்து கலந்த தண்ணீரை வைத்தால் தாகத்தில் மடமடவென்று குடித்துவிடும்.

மூன்று வாரம் கழித்து ரத்தம் எடுத்துச் சோதித்தோம். தெரு முழுக்க எதிர்ப்புச் சக்தி ஏறியிருந்தது, அம்மா வளர்க்கும் பன்னிரண்டு கோழிகளைத் தவிர. "அறிக்கையில உங்க வீட்டை மட்டும் விட்டுட்டு எழுதிரலாமே" என்றார் கூட வேலை செய்பவர். மருந்தில் கோளாறு என்றால் எங்கள் உழைப்பெல்லாம் போச்சு. நேராக வீட்டுக்குப் போய் அம்மாவைப் பிடித்தேன்.

"வாயில்லா ஜீவன் மோளே, தாகத்துல வாயைப் பொளந்துட்டு நின்னுச்சு. மருந்துத் தண்ணி வைக்கிறதுக்கு முந்தியே ஒரு சட்டி தண்ணி வச்சேன்."

"யா அல்லாஹ்! என் பொழப்புல மண்ணள்ளிப் போட்டீங்களேம்மா!"

"சத்தம் போடாதே. தண்ணி கொடுத்ததுக்கு நான் ஏன் தலை குனியணும்? தாகத்துல வாட்டினாத்தான் வேலை செய்யும்னா அது என்ன மருந்து?"

கதவை அறைந்துவிட்டுக் கிளம்பினேன். பஸ்ஸில் பாதி வழி அவரை மனசுக்குள் திட்டினேன். அப்புறம்தான் உறைத்தது. இப்படி இரக்கப்படுகிறவர்கள் ஊரெல்லாம் இருப்பார்களே! நடந்ததை மறைக்காமல் அறிக்கையில் எழுதினேன். அதே மருந்தைக் கோழியின் கண்ணில் ஒரு சொட்டு விட்டால் போதும் என்று மாற்ற ஒரு வருடம் பிடித்தது. முதல் சொட்டு அம்மாவின் கோழிகளுக்குத்தான்.

அடுத்த கோடையில் நோய் தெருவுக்கே வந்துவிட்டது. பக்கத்து வீட்டுச் சேச்சி புதிதாக வாங்கி, மருந்து போடாமல் விட்டிருந்த கோழிகள் சுருண்டு விழுந்தன. தினமும் காலையில் அம்மா கூட்டைத் திறக்கும்போது நானும் பின்னால் நின்று எண்ணினேன். பத்தாம் நாளும் பன்னிரண்டும் இறங்கி வந்தன.

சேச்சி மதிலுக்கு அப்பால் நின்று கேட்டார்: "இத்தா, உங்க கோழிக்கு மட்டும் ஒண்ணும் ஆகலையே, என்ன மருந்தாக்கும்?"

"என் மவ உண்டாக்குனதாக்கும்" என்றார் அம்மா, தெருவுக்கே கேட்கிற மாதிரி. "நான் சொல்லித்தான் உண்டாக்குனா."

பெருமையில் எனக்குக் கண் நிறைந்துவிட்டது. எதற்கும் மறுத்துப் பேசுகிற நான், அன்று ஒரு வார்த்தை மறுக்கவில்லை.