கதிரைக்காரரின் பதுங்கு குழி

1942ஆம் ஆண்டு உயிர்த்த ஞாயிறு. கொழும்பு கொட்டாஞ்சேனையில் எங்கள் கோயிலில் காலைப் பூசை நடந்துகொண்டிருந்தது. சிங்கப்பூர் விழுந்த செய்தி வந்ததிலிருந்து, போக இடமிருந்தவர்கள் கொழும்பை விட்டுப் போய்விட்டார்கள். துறைமுகக் கம்பனியொன்றின் கந்தோரில் கிளாக்கராக இருந்த எனக்கு லீவு இல்லை. மனைவிக்கு எட்டாம் மாதம். ரயிலில் ஊருக்கு அனுப்பவும் பயம், பக்கத்தில் வைத்திருக்கவும் பயம். எங்கள் முதல் பிள்ளை பிறக்கும்போதே இறந்திருந்தது. அதனால் இந்தப் பிள்ளை எத்தனை தரம் அசைந்தது என்று அவளை ஓயாமல் கேட்டுக்கொண்டிருந்தேன். "இதென்ன, உங்கட கந்தோர்க் கணக்கே?" என்று சினப்பாள்.

அப்போது எங்கள் கோயிலில் பொது இருக்கைகள் கிடையாது. வசதியுள்ள குடும்பங்கள் தங்கள் சொந்தக் கதிரைகளைப் பெயர் எழுதிப் பீடத்துக்கு முன்னால் போட்டிருந்தன. முகத்துவாரத்து மீன்காரக் குடும்பங்களும் துறைமுகக் கூலிகளும் பின்னால் பாயில் இருப்பார்கள். எங்களுக்குக் கதிரை இல்லை. பின்னால் போய் இருக்க மனமும் வராது. ஆகவே நடுவில் நிற்போம், பெண்கள் ஒரு பக்கம், ஆண்கள் மறுபக்கம்.

நன்மை, அதாவது நற்கருணை, வாங்குவதற்காக என் மனைவி நடுச்சாமத்திலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர்கூடக் குடித்திருக்கவில்லை. அந்தக் காலத்தில் எல்லோருக்கும் அதுதான் முறை. பிரசங்கத்தின்போது அவள் தள்ளாடுவது எனக்குத் தெரிந்தது. முன்னால் ஒரு கதிரை வெறுமையாகக் கிடந்தது. அதைப் பிடித்து மெல்ல இருந்துவிட்டாள். சற்று நேரத்தில் கதிரைக்குரிய அம்மா வந்தார். பின்னாலேயே கோயில் மூப்பர் விரைந்து வந்து, கதிரையின் முதுகில் கையை வைத்தார்.

"எழும்பு பிள்ளை. ஆரின்ர கதிரை எண்டு பாக்கிறேல்லையே?"

அந்த அம்மா பீடத்தைப் பார்த்தபடி நின்றார். என் மனைவி எழுந்து, முக்காட்டை இழுத்துக்கொண்டு, அத்தனை பேருக்கும் நடுவே பின்னால் நடந்தாள். நான் ஆண்கள் பக்கத்தில் நின்றபடி பார்த்துக்கொண்டிருந்தேன். பின்வரிசையில் பருத்த மீன்காரப் பெண்ணொருத்தி கையை நீட்டி அவளைத் தன் பாயில் இழுத்து இருத்தியது தெரிந்தது.

துறைமுகப் பக்கம் பீரங்கிச் சத்தம் கேட்டபோது, வெள்ளைக்காரனின் ஒத்திகை என்றுதான் நினைத்தோம். பிறகு கூரை அதிர்ந்தது. யாரோ "யப்பான்காரன்!" என்று கத்தினார்கள். அவ்வளவுதான், பூசை நின்றது, எல்லோரும் பக்கத்துக் கதவால் பாய்ந்தார்கள். நான் பெண்கள் பக்கம் ஓடினேன். பாய் கிடந்தது, அவளைக் காணவில்லை.

கோயில் வளவில் ஒரு பதுங்கு குழி இருந்தது. வெட்டியவர்கள் கூலிக்காரர். ஆனால் மரக்குற்றி போட்டு மண் மூடிய பாதி கதிரைக்காரருக்கு, வானம் தெரியும் பாதி மற்றவர்களுக்கு என்று முன்பே பிரித்துவைத்திருந்தார்கள். திறந்த பாதியில் ஒவ்வொரு முகமாகத் தேடினேன். தலைக்கு மேல் விமானம் தாழ்வாகப் போனது. அப்போது மூடிய பக்கத்திலிருந்து மீன்காரப் பெண்ணின் குரல் கேட்டது. வாசலில் கையை விரித்து நின்ற மூப்பரோடு சண்டை.

"உங்கட சட்டத்த மேல பறக்கிறவனுக்குப் போய்ச் சொல்லுங்க மூப்பரே! புள்ளத்தாச்சி வெளிய இரிக்கிறதா?"

மூப்பரை இடித்துத் தள்ளிக்கொண்டு அவள் என் மனைவியோடு உள்ளே போனாள். அவள் பின்னால் பாதிக் கூட்டமும் போனது. நானும் போனேன்.

உள்ளே இருட்டு. மனைவி என் கையைப் பிடித்து, "அசையேல்லையப்பா," என்றாள். "கோயிலுக்கு வந்ததில இருந்து அசையேல்லை."

வெளியே குண்டு விழுந்தது. எனக்கு அது கேட்கவேயில்லை என்று சொன்னால் நம்புவீர்களா? அவள் வயிற்றில் கையை வைத்துக் காத்திருந்தேன். ஒன்றுமில்லை. முதல் பிள்ளையும் இப்படித்தான் அசையாமல் கிடந்தது.

அந்நேரம் குழி வாசலில் அந்தக் கதிரை அம்மா வந்து நின்றார். தன் கார் டிரைவரைத் தேடிப் போய் அலைந்திருப்பார் போலும். உள்ளே முழுவதும் பாய்க்காரர்கள். யாரிடமும் இடம் கேட்டுப் பழக்கமில்லாதவர். குண்டுச் சத்தத்துக்கு நடுவிலும் கேட்கத் தெரியாமல் நின்றார்.

"வாங்க நோனா, என்ன பாக்கிறீங்க? இடமில்லாட்டி என்ட மடியில இரிங்க," என்றாள் மீன்காரப் பெண். நாலைந்து பேர் சிரித்தார்கள். என் மனைவி, அந்த நிலையிலும், காலை ஒடுக்கி இடம் விட்டாள். அம்மா பட்டுச் சேலையோடு ஈரமண்ணில் இருந்தார்.

மீன்காரப் பெண் என் மனைவியின் வயிற்றைத் தடவிப் பார்த்தாள். "வெறும் வயிறு. இனிப்பா ஏதும் குடிச்சா அசையும். ஆரிட்டயாவது இரிக்கா?"

"குடிச்சா நன்மை வாங்கேலாதே," என்றாள் மனைவி.

"முதல்ல உள்ளுக்க இரிக்கிறவருக்குக் குடுங்க. ஆண்டவர் கோவிக்க மாட்டார்."

அந்த அம்மா தன் பையைத் திறந்தார். பூசை முடிந்தபின் குடிப்பதற்கு பிளாஸ்க்கில் பால் கோப்பி வைத்திருந்தார். மூடியில் ஊற்றி, தானே என் மனைவியின் வாயில் வைத்தார். அவள் குடித்தாள். அம்மா தன் கையை அவள் வயிற்றில் வைத்தார். காத்திருந்தோம். அவ்வளவு நீளமான நேரத்தை நான் பிறகு கண்டதில்லை. திடீரென்று அம்மா என் மனைவியின் வயிற்றில் இருந்த தன் கையைப் பார்த்து, "உதைக்குது! பிள்ளை உதைக்குது!" என்றார். சின்னப் பிள்ளை போல அழுதார்.

மிச்சக் கோப்பி அதே மூடியில் கைக்குக் கை போனது. மீன்காரப் பெண் குடித்தாள், கூலிக்காரர் ஒருவர் குடித்தார், நான் குடித்தேன். கடைசியில் அது அம்மாவிடம் திரும்பியது. ஒரு கணம் அதைப் பார்த்தார். அடியில் கிடந்த ஒரு வாய்க் கோப்பியைக் குடித்தார். மூப்பரும் அதற்குள் எங்களோடு ஒடுங்கியிருந்தார்.

அதன்பின் எல்லாம் மாறிவிட்டது என்று எழுத எனக்கும் ஆசைதான். அடுத்த ஞாயிறு கதிரைகள் அதே இடத்தில் இருந்தன. அம்மா எங்களைப் பார்த்துத் தலையசைத்தார், அவ்வளவே. என் மனைவி மட்டும் கேட்காமலே நேராகப் பின்னால் போய் அந்தப் பாயில் இருந்தாள். அடுத்த மாதம் மகள் பிறந்தாள்.

இப்போது எங்கள் கோயிலில் யாருக்கும் தனி இருக்கை இல்லை. ஆனாலும் நான் உள்ளே போனதும் முதலில் பீடத்தைப் பார்ப்பதில்லை. இடமிருந்தும் எத்தனை பேர் இருக்கத் துணியாமல் ஓரத்தில் நிற்கிறார்கள் என்று எண்ணுகிறேன், ஒருவர் நின்றால்கூட குண்டு விழுந்த அந்தக் காலையின் பயம் எனக்கு வந்துவிடுகிறது.