பொடிசின் கழுத்தளவு

லிஃப்ட்டுக்காரர் கோழிக்கூட்டுக்குள் குந்தியிருக்கிறார். உள்ளே ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டால்தான் அவருக்கு யோசனை ஓடும். முழங்காலைக் காதுவரை மடக்கி, கோழி எந்த உயரத்திலிருந்து உலகத்தைப் பார்க்குமோ அதே உயரத்திலிருந்து பார்த்துக்கொண்டிருப்பார். கோழிகள் வெளியே நின்று அவரைப் பார்க்கும்.

"எலி வளையானாலும் தனி வளை வேணும்பாங்க. எனக்கு வாய்ச்சவரு கோழிக்கூட்டுல ஒண்டுக்குடித்தனம் பண்றாரு" என்பாள் வீட்டுக்காரி, சமையலறை ஜன்னலிலிருந்து.

"நான் ஏறிப் பாக்காத லிஃப்ட்டுல ஊரை ஏத்த முடியுமா?" என்று கூட்டுக்குள்ளிருந்து பதில் வரும்.

மாடிக் கட்டடங்களில் லிஃப்ட் பழுது பார்ப்பது அவர் தொழில். எதைச் சரிபண்ணினாலும் முதல் ஆளாகத் தானே ஏறி உச்சிவரை போய்வருவார். பிறகு கதவோரம் ஒதுங்கி, கையை விரித்து நீட்டி, "ஏறலாம்" என்பார். அந்த ஒரு சொல்லுக்குக் கட்டடமே காத்திருக்கும். வீட்டில் மட்டும் அந்த மரியாதை கிடையாது. காரணம் இல்லாமலும் இல்லை. துணி உலர்த்தக் கப்பி போட்டுக் கொடுத்தார்; ஈரப் புடவைகள் கப்பியோடு சாக்கடைக்குப் போயின. தானே சாத்திக்கொள்ளும் கதவு செய்தார். அது மாமனாரை வெளியே நிறுத்திச் சாத்திக்கொண்டது, மழையில்.

கோழிக்கூட்டில் குறைசொல்ல அவளாலேயே முடியவில்லை. ஈரம் ஏறாமல் இடுப்புயரம் தூக்கிக் கட்டியது. ஏறி இறங்கச் சாய்வுப் பலகை. காற்றுக்கு வழி கூரைக்குக் கீழே, கோழிமேல் நேராக அடிக்காதபடி. அடையும் கட்டையின் தட்டைப் பக்கம் மேலே இருக்கும். கோழி உட்கார்ந்தால் விரலெல்லாம் வயிற்றுக்கடியில் சூடாக அடங்கிக்கொள்ளும். முட்டைப் பெட்டிக்கு லேசான சரிவு. இட்ட முட்டை உருண்டு வெளித்தொட்டியில் வந்து நிற்கும். அவள் குனியவே வேண்டாம்.

கோட்டைவிட்டது தீவனத்தில். திறந்த தட்டில் வைத்தார். கோழிகள் பாதியைத் தின்று மீதியைச் சீய்த்து இறைத்தன. இறைந்ததற்கு எலி வந்தது. வந்தது தின்றுவிட்டுச் சும்மா போகுமா? மதிலுக்கு அந்தப் பக்கம் தையலக்கா வீடு. முன்னறையில் மிஷின், மூலையில் தைத்து முடித்த பள்ளிக்கூடச் சட்டை மூட்டை. ஒரு நாள் மூட்டையைப் பிரித்தால் சட்டைக்குச் சட்டை ஓட்டை.

மதிலுக்கு மேலே அக்காவின் தலை வந்தது.

"தம்பி, நான் சண்டைக்கு வரல. வர்ற ஞாயித்துக்கிழமைக்குள்ள ஒண்ணு எலி போகணும், இல்ல கோழி போகணும். எதுன்னு நீயே சொல்லு."

"அக்கா கேக்கறது நியாயந்தானே" என்றாள் வீட்டுக்காரி. சொன்னதோடு விடவில்லை. கோழிகளைக் கொண்டுபோய் விற்கப் பெரிய கூடை ஒன்றைத் தேடியெடுத்துக் கொல்லைக் கதவருகில் வைத்துவிட்டாள்.

நாளெல்லாம் இருட்டுக் குழிக்குள் இரும்புக் கயிற்றோடு மல்லுக்கட்டிவிட்டு வருகிறவர் அவர். வந்ததும் கைக் கிரீஸைக்கூடக் கழுவாமல் கோழிகளுக்கு முன்னால் போய் நின்றால்தான் மூச்சு ஒழுங்காக வரும். அன்று கூடை காலில் இடறியது. அதைத் தாண்டிக் கோழிகளிடம் போனார்.

மறுநாளே தீவனத்துக்கென்று தகரப் பெட்டி ஒன்று எழுந்தது. முன்னால் ஒரு மிதிபலகை. மிதித்தால் மூடி திறக்கும், இறங்கினால் மூடிக்கொள்ளும். லிஃப்ட்டுக்காரர் வேறெப்படிச் செய்வார்? சீய்த்து இறைக்க முடியாதபடி உள்ளே கம்பி வலை. மூடும் சத்தத்துக்குக் கோழி மிரளாமலிருக்க ஓரமெல்லாம் பழைய செருப்பு ரப்பர். எலிக்குத் திறக்கக் கூடாதென்று மூடியில் எடையைக் கனமாகவே கட்டினார்.

மேனேஜர் என்று பெயரெடுத்த கொழுத்த கோழி ஏறியது, திறந்தது. மற்றவையும் பழகிக்கொண்டன. கடைசியில் பொடிசு ஏறியது. வீட்டுக்காரி கையில் தின்று வளர்ந்த கடைக்குட்டி. உடம்பு வைக்காத சாதி. மூடி அசையவில்லை. ஒரு கொத்துக் கொத்திவிட்டு அவளைத் திரும்பிப் பார்த்தது.

"பொடிசு பட்டினி கிடக்கறதுக்கா இத்தனை தட்டல்?"

எடையைக் குறைத்தார். பொடிசுக்குத் திறந்தது. சாயங்காலம், ஓசித் தீனியில் உப்பிப்போன எலி ஏறியது, அதற்கும் திறந்தது. கூட்டினால் பொடிசுக்குப் பட்டினி, குறைத்தால் எலிக்கு விருந்து. கூட்டினார், குறைத்தார், மறுபடி கூட்டினார். சனிக்கிழமையே வந்துவிட்டது. விடிந்தும் விடியாமல் கூட்டுக்குள் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார்.

வாசற்படியில் நின்று அவள் எலியைக் காட்டினாள். "பாருங்க, மகராசன் கணக்கா ஏறி நிக்கறதை. கோழியாவது கழுத்தை நீட்டி மரியாதையாக் கொத்துது. இதுக்குக் கழுத்துமில்ல ஒண்ணுமில்ல, மூஞ்சிய அப்படியே உள்ள விட்டுத் திங்குது."

"என்ன சொன்ன?"

"எலிக்குக் கழுத்து இல்லன்னேன். அதுக்கும் நாந்தான் காரணமா?"

எழுந்த வேகத்தில் தலை கூரையில் மோதியது. அவர் தடவிக்கூடப் பார்க்கவில்லை. மிதிபலகையைப் பெட்டியிலிருந்து தள்ளி வைத்தால்? கோழி நின்ற இடத்திலிருந்தே கழுத்தை நீட்டிக் கொத்தும். எலி தின்ன வேண்டுமானால் பலகையை விட்டு முன்னால் வரவேண்டும். வந்தால் மூடி விழுந்துவிடும். எடையைத் தூக்கிக் குப்பையில் போடு, கழுத்துதான் சாவி! எவ்வளவு தூரம் தள்ளுவது? பொடிசுக்கு எட்டுமட்டும்; அதற்குமேல் ஒரு விரற்கடைகூட ஆகாது.

நேராக மதிலுக்குப் போனார்.

"அக்கா, டேப்பு கொஞ்சம் குடுங்க. கழுத்தளவு எடுக்கணும்."

"யாருக்கு?"

"பொடிசுக்கு."

அக்கா அவரை மேலும் கீழும் பார்த்தார். "தச்ச சட்டையெல்லாம் உன் எலி தின்னாச்சு. இப்ப கோழிக்கு வேற தைக்கணுமா?"

சொன்னாரே தவிர, டேப்பைத் தோளில் போட்டுக்கொண்டு சுற்றி வந்துவிட்டார். வீட்டுக்காரி பொடிசைப் பிடித்துக்கொள்ள, இவர் டேப்பை வைத்தார். அக்காவுக்குப் பொறுக்கவில்லை.

"அட, தள்ளு! வெறச்சு நிக்கும்போது அளந்தா, குனியும்போது கிழியும். இரையக் காட்டும்மா, எட்டட்டும்."

உள்ளங்கையில் தானியத்தைக் காட்டினாள். பொடிசு கழுத்தை நீட்டியது. நீட்டிக்கொண்டே போனது. அக்காவின் விரல் டேப்பில் நகர்ந்துகொண்டே இருந்தது.

"அடி கள்ளி! இவ்வளவும் உள்மடிப்பா வச்சிருந்தியா?"

ஞாயிற்றுக்கிழமை, வெயில் தணியும் முன்பே எலி வந்துவிட்டது. அதற்குத்தான் பகல் பயமே போயிருந்ததே. கொல்லைக் கதவில் மூன்று தலைகள், ஒன்றின்மேல் ஒன்றாக. எலி பலகையில் ஏறியது. மூடி திறந்தது. வீட்டுக்காரி அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். எலி மூக்கை நீட்டியது, எட்டவில்லை. முன்காலை எடுத்து வைத்தது. பலகை மேலே வந்தது, மூடி இறங்கிவிட்டது. மறுபடி ஏறியது, மறுபடி மூடியது. மூன்றாம் தடவை உடம்பையே கயிறாக நீட்டிப் பார்த்தது. மீசை மட்டும் எட்டியது. மல்லாந்து கீழே விழுந்து, எழுந்து, திறந்த கடை கண்ணெதிரே சாத்தியதைப்போலக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, வேலிக்கு வெளியே நடையைக் கட்டியது.

"போடா ராசா, போ! வேற கடை பாரு!" அக்கா கைதட்டிச் சிரித்தார். "தம்பி, கோழி இருக்கட்டும். அளவு எடுத்தது யாருன்னு கேட்டா மட்டும் என் பேரைச் சொல்லணும்."

"எலிக்குக் கழுத்து இல்லன்னு கண்டுபிடிச்சது நானாக்கும்" என்றாள் வீட்டுக்காரி. கதவோரத்துக் கூடையை எடுத்துப் பரணில் எறிந்தாள். எறிந்த கையோடு பொடிசைத் தூக்கிவந்து பெட்டிக்கு முன்னால் விட்டாள்.

லிஃப்ட்டுக்காரர் சட்டை நுனியால் மூடியைத் துடைத்தார். ஓரமாக ஒதுங்கினார். முதுகை நிமிர்த்தி, கையை விரித்துப் பலகையைக் காட்டினார்.

"ஏறலாம்."