துக்க வீட்டில் பத்துப் பேர்

எருசலேமில் ஹுட்ஸ்பா என்ற சொல்லைத் திட்டவும் சொல்வார்கள், மெச்சவும் சொல்வார்கள். வரிசையில் மற்றவன் குறுக்கே புகுந்தால் அது கொழுப்பு. ஆஷேர் அபுத்பூல் புகுந்தால் துணிச்சல். இது ஆஷேரே வகுத்த சட்டம். குழாய் ரிப்பேர் செய்பவரான அவர் இந்தச் சட்டத்தை வைத்துக்கொண்டு ஐம்பது வயதுவரை சௌக்கியமாகக் காலம் தள்ளிவிட்டார்.

இப்போது கழுத்தில் கத்தி. மகள் யாஃபித்துக்கு ஒரு வாடகை வீடு பார்க்காவிட்டால் கல்யாணமே நின்றுவிடும் என்று மாப்பிள்ளை வீட்டார் கறாராகச் சொல்லிவிட்டார்கள். அந்த நேரம் பார்த்து அடுத்த தெருக் கிழவர் ஷிமோன் இறந்துபோனார். ஆஷேரின் கண்ணில் கிழவர் தெரியவில்லை. மூன்று அறை வீடுதான் தெரிந்தது.

"ஏங்க, நேத்துதானே புதைச்சாங்க? வெக்கமா இல்ல?" என்றாள் மனைவி.

"வெக்கப்பட்டா இந்த ஊர்ல வீடு கெடைக்குமாடி?"

துக்க வீட்டில் கதவைத் தட்டக் கூடாது, தட்டவில்லை. துக்கப்படுபவர் வாய் திறக்கும்வரை வந்தவர் பேசக் கூடாது; ஐயோ, அதுதான் ஆஷேரின் உயிரை வாங்கியது. தாழ்வான முக்காலிகளில் விதவை ஃபொர்ச்சுனாவும், துக்க வழக்கப்படி சட்டைக் கழுத்தைக் கிழித்துக்கொண்ட மகனும். சுற்றிலும் எட்டு ஆண்கள் சோகமாகக் கூரையை அளந்துகொண்டிருந்தார்கள். ஒருவன் சமையலறைக் குழாயைத் திருகியே பார்த்துவிட்டான்.

"என் வீட்டுக்காரரை இங்க யாருக்காவது தெரியுமா?" என்றாள் ஃபொர்ச்சுனா.

எல்லோரும் மறுபடி கூரையைப் பார்த்தார்கள்.

"அப்போ வீட்டைப் பாக்க வந்திருக்கீங்க."

"ஆமாக்கா, எம் பொண்ணுக்கு," என்றார் ஆஷேர். மற்றவர்கள் அவரை எரித்துவிடுவதுபோல் பார்த்தார்கள்.

"நல்லதாப் போச்சு. அந்த மனுஷன் ஊர்ல ஒருத்தர் பாக்கியில்லாம சண்டை போட்டு வச்சிருக்காரு. பத்து ஆம்பளைங்க சேராம எம் புள்ள அவருக்குக் கதீஷ் ஜெபம் சொல்ல முடியல. உங்களோட சேத்தா சரியாப் பத்து. காலையும் சாயங்காலமும் வாங்க. வீட்டைப் பத்தி ஏழாம் நாள் பேசிக்கலாம்."

வந்தார்கள், போட்டி போட்டுக்கொண்டு வந்தார்கள். ஆஷேர் போட்ட ஆமென் தெருமுனைவரை கேட்டது. ஒழுகிய குழாயையும் காசு வாங்காமல் சரிசெய்து கொடுத்தார்.

ஏழாம் நாள் ஃபொர்ச்சுனா எழுந்து, துக்கம் முடிந்ததற்கு அடையாளமாகக் கண்ணாடியை மூடியிருந்த துணியை எடுத்தாள்.

"நான் காலி பண்றேன்னு எவன் சொன்னான்? செத்தது அவருதான். நான் குத்துக்கல்லாட்டம் இருக்கேனே!"

"ஹுட்ஸ்பா!" என்று கத்தினார் ஆஷேர். "இது துணிச்சலா? கொழுப்பு!"

"முப்பதாம் நாள் கல்லறையிலயும் பத்துப் பேர் வேணும். மறந்துடாதீங்க," என்று அவள் கதவைச் சாத்தினாள்.

கல்யாணம் நிற்கவில்லை. ஆஷேர் தன் படுக்கையறையை மகளுக்கு விட்டுக்கொடுத்துவிட்டுக் கூடத்து சோபாவுக்குக் குடிபெயர்ந்தார். முப்பதாம் நாள் காலையில் தொப்பியைத் தேடினார்.

"அந்தப் பொம்பளைக்காக இன்னுமா போறீங்க?"

"அந்தப் பையன் தனியா நிப்பான்டி."

கல்லறைக்குப் போனால், ஃபொர்ச்சுனாவைத் திட்டிக்கொண்டே அந்த எட்டுப் பேரும் ஏற்கெனவே வந்து நின்றிருந்தார்கள்.