உப்பு பார்க்காத சமையல்

எங்கள் வீட்டில் கிண்ணத்தில் சோறு தின்பது காய்ச்சல் வந்த பிள்ளைகள் மட்டும்தான். மற்றவர்களுக்குத் தட்டு. அதனால் கோயம்புத்தூரில் இருக்கும் என் மகள் போனில், "ப்பா, அம்மாவுக்கு ராத்திரிக்கு இறாலும் வரகுமா ஒரு பவுல் பண்ணிக் குடுங்க, அரை மணி நேர வேலைதான்" என்றபோது எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. பெரம்பலூரில் தண்ணி மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டிப் பிழைக்கிறவன் நான். அடுப்படிக்கும் எனக்கும் உள்ள உறவு டீ போடுவதோடு சரி. "உங்கம்மா கெடக்குற கெடப்புக்குப் பவுலுதான் கொறச்சலா?" என்று கத்தினேன். மகள் அசரவில்லை. என் கத்தலைக் கேட்டே வளர்ந்த பிள்ளை. "கத்தி முடிச்சிட்டீங்களா? இப்ப கேளுங்க" என்றாள்.

மனைவி உள்ளறையில் படுத்திருந்தாள். கர்ப்பப்பையை எடுக்கும் ஆபரேஷன் திருச்சியில் நல்லபடியாகத்தான் முடிந்தது. வீட்டுக்கு வந்த பிறகுதான் வினை. தையல் போட்ட இடத்தில் ஒரு விரல் நீளத்துக்குச் சதை கூடவே இல்லை. சர்க்கரை வேறு இருக்கிறது. கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதையாக அவள் உடம்பு நாளுக்கு நாள் இளைத்தது. மூன்று இட்லி சாப்பிடுகிறவளுக்கு அது ஒன்றாகி, பிறகு அதுவும் பாதியானது. கட்டு மாற்றப் போன இடத்தில் டாக்டரம்மா என்னைத் தனியாகக் கூப்பிடாமல், அவள் எதிரிலேயே சொன்னார்.

"ஐயா, உள்ள சத்தே இல்லாம புண்ணு எப்படிங்க மூடும்? பருப்பு மட்டும் பத்தாது, இவங்களால அவ்வளவு சாப்பிடவும் முடியல. கொஞ்சமா சாப்பிட்டாலும் மீனு, இறாலு, முட்டைன்னு இருக்கட்டும். அரிசியைக் குறைச்சிட்டு வரகு, சாமை குடுங்க. ராத்திரி சாப்பாடு ஏழு மணிக்குள்ள முடியணும். ரெண்டு வாரம் பாப்போம். மூடலைன்னா திரும்பவும் தையல் போடணும். இந்த உடம்பு அதைத் தாங்குமான்னு எனக்கே யோசனையா இருக்கு."

நான் தலையாட்டினேன். அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இதில் ஒரு சிக்கல் இருந்தது. அவள் கவுச்சி சாப்பிட்டுச் சில வருஷங்கள் ஆகியிருந்தன. கொரோனா வந்து நான் ஆக்சிஜன் வைத்துக் கிடந்தேனே, அதிலிருந்து. அந்தக் காய்ச்சல் எங்கள் இரண்டு பேருடைய மூக்கையும் அடைத்துப்போட்டது. எனக்குச் சில மாதத்தில் வாசனை திரும்பிவிட்டது. அவளோ, தனக்கு மீன் வாடை மட்டும் குமட்டலாகவே தங்கிவிட்டது என்றாள். நம்பினேன். நம்பாமல் என்ன? அந்தச் சமயத்தில் ஊரில் பாதிப் பேர் அதையேதான் சொன்னார்கள். ஆனாலும் எனக்கு மனசு கேட்காது. அவள் பிறந்தது மாதா கோயில் இருக்கிற ஏலாக்குறிச்சிப் பக்கம், கொள்ளிடக் கரையில். முள் நிறைந்த கெண்டையைக்கூட வாயில் போட்டு, பேசிக்கொண்டே முள்ளை மட்டும் வெளியே எடுக்கிற ஊர்க்காரி. எங்களுக்குக் கல்யாணம் ஆன புதிதில் மீன் குழம்புச் சட்டியைச் சோறு போட்டு வழித்துத் தின்பதில் எங்களுக்குள் அடிதடியே நடக்கும்.

தான் விட்டாலும் எனக்கு ஆக்கிப் போடுவதை அவள் விடவில்லை. ஞாயிறு என்றால் மீன்தான் எனக்கு. மீன் இல்லாத ஞாயிறு எனக்கு விடியாது. ஆனால் அவள் கைப்பக்குவம் மட்டும் போய்விட்டது. ஒரு வாரம் உப்பு தூக்கலாக இருக்கும், ஒரு வாரம் சப்பென்று இருக்கும். நான் சும்மா இருக்கிற ஆளா? "உப்பில்லாப் பண்டம் குப்பையிலேன்னு சும்மாவா சொன்னாங்க? ஆக்குறவ வாயில வச்சுப் பாக்க மாட்டியா?" என்று தட்டைத் தள்ளுவேன். அவள் உப்பு ஜாடியைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்துவிட்டுப் போவாள்.

அதனால்தான் மகள் இந்த யோசனையைச் சொன்னாள். குழம்பு கொதித்தால்தானே வாடை? இறாலைப் பூண்டும் மிளகும் போட்டுப் பிரட்டி எடுத்து, எலுமிச்சம்பழம் பிழிந்துவிட்டால் வாடையே தெரியாது, வயிற்றுக்கும் பாரமில்லை என்றாள். வீடியோவில் அவள் பார்த்துக்கொண்டிருக்க நான் செய்தேன். ஒரு பிடி வரகரிசியைக் கழுவி ஊறவைத்து, இரண்டு பங்கு தண்ணீரில் வேகவைத்தேன். நாகப்பட்டினத்திலிருந்து ஐஸ் பெட்டியில் வந்த இறால். ஓட்டை உரித்து முதுகில் கீறிக் கறுப்பு நரம்பை இழுத்தேன். காயில் கம்பியோடு பழகிய விரலுக்கு அது பெரிய வேலை இல்லை. நல்லெண்ணெய் ஒரு கரண்டி, தட்டிய பூண்டு, நறுக்கிய சின்ன வெங்காயம், மஞ்சள், மிளகு. "இறால் அரைவட்டமா வளைஞ்சா இறக்கிடுங்கப்பா. முழுசா சுருண்டா ரப்பர்" என்றாள். ஒரு கை முருங்கைக்கீரையைப் போட்டு வதக்கி, வரகுச் சோற்றின் மேல் எல்லாவற்றையும் வைத்து, வெள்ளரிப்பிஞ்சு நறுக்கிப் போட்டேன். ஒன்று வாயில் போட்டுப் பார்த்தேன். அடேயப்பா, நானா செய்தேன் என்று இருந்தது.

கிண்ணத்தை அவள் கையில் கொடுத்தேன். அவள் ஸ்பூனால் இறாலை ஒவ்வொன்றாக ஓரத்தில் ஒதுக்கினாள். அடியில் இருந்த வரகில் இரண்டு வாய் எடுத்தாள். அதையும் முகர்ந்து பார்த்துவிட்டு, இறாலின் எண்ணெய் பட்டிருக்கிறது என்று கிண்ணத்தைக் கீழே வைத்தாள்.

"வாடை அடிக்குதா?"

"இல்லீங்க."

"பின்ன என்ன? மூக்கைப் பொத்திக்கிட்டுத் தின்னு. மருந்துன்னு நெனச்சுக்க."

"வேணாங்க."

எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. "மறுபடியும் வவுத்தைக் கிழிக்கணும்னு ஆசையா ஒனக்கு? டாக்டரு சொன்னது காதுல விழுந்துச்சா இல்லியா? செத்துத்தான் போவேன்னா சொல்லிடு, நான் இறால் உரிக்கிற வேலையை வுட்டுட்டுப் போறேன்" என்று கத்தினேன். சொல்லக்கூடாத வார்த்தை.

அவள் அழவில்லை. மெதுவாகத்தான் சொன்னாள். "வாடையெல்லாம் ஒண்ணும் இல்லீங்க. எனக்கு மூக்கு அப்பவே சரியாயிடுச்சு. நீங்க ஆஸ்பத்திரியில கெடந்தப்ப என்னை உள்ள வுடல. வாசல்ல நின்னுக்கிட்டே எங்க ஊரு மாதாவைக் கூப்பிட்டேன். இவரைத் திருப்பிக் குடு தாயே, இனி உசுரு உள்ளவரைக்கும் கவுச்சியைத் தொட மாட்டேன்னு சொல்லிட்டேன். மாதா குடுத்துட்டா. இப்ப நான் வார்த்தை மாறலாமா?"

ஏலாக்குறிச்சிப் பக்கம் பிறந்தவர்களுக்கு இதில் சாதி மதம் கிடையாது. வீட்டில் மாரியம்மனுக்கும் கூழ் ஊற்றுவார்கள், ஆபத்து என்றால் மாதாவையும் கூப்பிடுவார்கள். என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "சொன்னா நீங்க மீன் சாப்பிடுவீங்களா? அதான்" என்றாள்.

நான் கூடத்துக்கு வந்து உட்கார்ந்துவிட்டேன். அத்தனை ஞாயிற்றுக்கிழமையும் நாக்கில் ஒரு சொட்டு வைத்துப் பார்க்காமல் எனக்குக் குழம்பு வைத்திருக்கிறாள். நான் தின்றுவிட்டு உப்பு சரியில்லை என்று குதித்திருக்கிறேன். என் உயிர் அவள் நாக்கில் தொங்கிக்கொண்டிருந்திருக்கிறது. வெட்கமாக இருந்தது, கோபமாகவும் இருந்தது. யார் மேல் கோபம் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. அவள் மேல், மாதா மேல், டாக்டரம்மா மேல், எல்லார் மேலும்தான்.

மகளிடம் சொன்னேன். அவள் அழுதாள். "மாதா கோவிச்சுக்க மாட்டாங்கம்மா" என்று அவளும் அம்மாவிடம் கெஞ்சிப் பார்த்தாள். "கோவிச்சுப்பாளோ மாட்டாளோ, உங்கப்பாவை வச்சு நான் பரீட்சை பண்ணிப் பாக்க மாட்டேன்" என்று மனைவி ஒரே பேச்சாக முடித்துவிட்டாள். அவள் பயம் எனக்குப் புரிந்தது. அவள் கணக்கில் அந்தப் புண்ணைவிட நான் பெரிது.

மறுநாள் காலையில் கடையில் ஒரு விவசாயி மோட்டாரை இறக்கினார். தலை புது மொட்டை, சந்தனம் காயவில்லை. என்ன விசேஷம் என்று கேட்டேன். போன வருஷம் பாம்பு கடித்துப் பிழைத்தாராம், அப்போது அவர் அம்மா சமயபுரத்துக்கு வேண்டிக்கொண்டது என்றார். திருகைக் கழற்றிக்கொண்டிருந்த என் கைத் திருப்புளி அப்படியே நின்றது. பொறி தட்டியது. கடையைச் சாத்திவிட்டு வீட்டுக்கு ஓடினேன்.

"ஏ புள்ள, பிள்ளை பொழைக்கணும்னு அம்மாக்காரி வேண்டிக்கிறா. மொட்டை யாருக்குப் போடறாங்க?"

"பிள்ளைக்கு."

"அப்ப பொழைச்சது யாரு? நானா நீயா?"

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"ஒலகத்துல எந்தச் சாமிக்கும் பொழைச்சவன்தான் கடன் தீர்க்கணும். ஏதோ நான் நெனவில்லாம கெடந்தேன், இத்தனை நாளு நீ தீர்த்த. இனி அது என்னுது. கவுச்சி நான் வுட்டுட்டேன். நீ தின்னு."

"நீங்களா? மீனு இல்லாமயா?" என்றாள். அந்த நிலையிலும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு யோசித்தாள். கடைசியில், "வூட்டுல உக்காந்து நம்ம ரெண்டு பேரும் மாத்திக்க முடியாதுங்க. நான் சொன்னது மாதாகிட்ட. நீங்களும் போயி அங்கேயே சொல்லுங்க. மெழுகுவத்தி ஏத்தி, மிச்சத்தைக் கொண்டாங்க" என்றாள்.

நான் சாமி கும்பிடுவதில் அவ்வளவு கெட்டி இல்லை. ஆனால் உடனே கிளம்பினேன். பக்கத்து வீட்டு அம்மாவை அவளுக்குத் துணை வைத்துவிட்டு, அரியலூர் போய் அங்கிருந்து ஏலாக்குறிச்சி பஸ் பிடித்தேன். சிமெண்ட் லாரிகளுக்குப் பின்னால் பஸ் ஊர்ந்து ஊர்ந்து போனது. வழியெல்லாம் ஒரே யோசனை. பொய்யாகச் சொல்லிவிட்டு வந்துவிடலாமா, ஞாயிற்றுக்கிழமை கடைப்பக்கம் எங்காவது போய்ச் சாப்பிட்டால் யாருக்குத் தெரியும் என்றுகூட ஒரு நினைப்பு வந்தது. நாக்கு அப்படிப்பட்டது.

கோயிலில் கூட்டம் இல்லை. மெழுகுவர்த்தியை ஏற்றிவைத்துவிட்டு நின்றேன். என்ன சொல்ல வேண்டும், எப்படிச் சொல்ல வேண்டும் என்று தெரியவில்லை. கடையில் கஸ்டமரிடம் பேசுகிற மாதிரிதான் பேசினேன். "தாயி, எம் பொண்டாட்டி உங்ககிட்ட ஒண்ணு சொல்லியிருந்தா. அது எனக்காவ சொன்னது. அதை இன்னையிலேருந்து நான் எடுத்துக்கிறேன். அவளை வுட்டுடுங்க. அவ மீனு திங்கட்டும். அவ புண்ணு ஆறணும்." மெழுகுவர்த்தி பாதி எரிகிறவரைக்கும் நின்று அழுதேன். பக்கத்தில் நின்ற ஓர் அம்மா என் தோளைத் தட்டிவிட்டுப் போனார். மெழுகுவர்த்தியை அணைத்து, சூடு ஆறியதும் மிச்சத் துண்டைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். பொய்ச் சத்தியம் பற்றிய நினைப்பெல்லாம் எங்கே போனதோ தெரியவில்லை.

சாயங்காலம் பெரம்பலூர் வந்ததும் மார்க்கெட்டில் இறால் வாங்கினேன். மகளைக் கூப்பிடவில்லை. நானே வரகைப் போட்டேன், நானே உரித்தேன். பூண்டு சிவக்கிற வாசனையில் எனக்கு வாய் ஊறியது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், வயிறு கூப்பாடு போட்டது. கருகின காயிலை வாசலில் வைத்தே வாசனையில் கண்டுபிடிக்கிறவன் நான். அந்த மூக்கை நம்பித்தான் அன்று சமைத்தேன். இறால் அரைவட்டமாக வளைந்ததும் இறக்கினேன்.

மெழுகுவர்த்தித் துண்டை அவள் கையில் வைத்தேன். அதைக் கண்ணில் ஒற்றித் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டாள். பிறகு கிண்ணத்தை வாங்கினாள். ஓர் இறாலை எடுத்து வாயில் போட்டாள். மெல்லும்போதே அவள் கண் நிறைந்துவிட்டது. நான் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"எப்படி இருக்கு?"

"நல்லாருக்கு. உப்புத்தான் கொஞ்சம் பத்தலை."

"பத்தலையா?" என்று அவசரமாகக் கிண்ணத்தில் விரலை விட்டு நாக்குக்குக் கொண்டுபோனேன். பாதியில் நிறுத்திவிட்டேன். விரலைக் கைலியில் துடைத்துக்கொண்டேன். அவள் எல்லாவற்றையும் பார்த்துவிட்டாள். நான் போய் உப்பு ஜாடியை எடுத்துவந்து அவள் பக்கத்தில் வைத்தேன். ஒரு சிட்டிகை தூவினேன். "இப்ப?" என்றேன். இன்னும் கொஞ்சம் என்றாள். தூவினேன். சரி என்றாள்.

முழுக் கிண்ணத்தையும் சாப்பிட்டாள். ஆபரேஷனுக்குப் பிறகு அவள் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டது அன்றுதான். அதன் பிறகு தினமும் அப்படித்தான், அவள் உப்புச் சொல்ல நான் போட. இரண்டு வாரம் கழித்துப் புண்ணைப் பார்த்த டாக்டரம்மா, ஓரமெல்லாம் மூட ஆரம்பித்துவிட்டது, இனித் தையல் வேண்டாம் என்றார். ஆனால் அன்று சாயங்காலம் எங்களுக்கு அதெல்லாம் தெரியாது. காலிக் கிண்ணத்தை என்னிடம் நீட்டிவிட்டு, அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏங்க, இத்தனை வருஷமா நான் வச்ச மீன் கொழம்புல உப்பு சரியா இருந்துச்சா?"

"சரியாத்தான் இருந்துச்சு" என்றேன்.

"பொய் சொல்லாதீங்க" என்று சிரித்தாள். சிரித்தால் புண் வலிக்கும் என்று வயிற்றை ஒரு கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.