பன்னிரண்டாம் நாள் குப்பைக்குப் போன மாத்திரை

என் வீட்டுக்காரருக்குப் பீங்கான் சூளையில் வேலை. அதே பட்டறையில் பொம்மைகளுக்குக் கண் எழுதுகிறவள் நான். போன வருடம் அந்தக் கண்களைப் பார்த்தாலே எனக்கு அழுகை வந்தது. காரணமில்லாமல் நெஞ்சு படபடக்கும், தூக்கம் வராது. செத்துப் போனால் தேவலை என்றுகூடத் தோன்றியது.

ஊரில் மனநல டாக்டரே இல்லாதது போலக் கடலூருக்குப் பஸ் ஏறினோம். தெரிந்தவர் பார்த்தால் மானம் போய்விடுமாம். என் உயிர் போனால் பரவாயில்லை போலிருக்கிறது.

"மாத்திரை வேலை செய்ய நாலு வாரமாவது ஆகும்மா. நீங்களா நிறுத்திடாதீங்க" என்றார் டாக்டரம்மா. வீட்டுக்காரர் பெரிய மனுஷன் மாதிரி தலையாட்டினார். வீட்டுக்கு வந்ததும் தன் தங்கையிடம் தைராய்டு மாத்திரை என்று சொல்லிவைத்தார்.

அந்த மாத்திரையில் கை நடுங்கியது. நான் எழுதிய பொம்மைகளுக்கு ஒரு கண் கருவேப்பிலங்குறிச்சியைப் பார்த்தது, மறு கண் கம்மாபுரத்தை. பன்னிரண்டாம் நாள், "என்னா மாத்திரை இது? இத்தினி நாளா முழுங்குற, அப்படியேதான இருக்குற" என்று அட்டையோடு குப்பையில் போட்டார் இந்த மகா வைத்தியர். இரண்டே நாளில் பட்டறையில் மூச்சு முட்டி உட்கார்ந்துவிட்டேன்.

அப்போது அவர் முதலாளியிடம் பேசிக்கொண்டிருந்தார். "சூடு தானா எறங்கணும் மொதலாளி. அவசரப்பட்டுத் தொறந்தா அத்தனையும் வெடிச்சிடும்." அணைத்த சூளையின் கதவை இரண்டு நாள் தொடமாட்டார். அவ்வளவு பொறுமைசாலி.

எனக்கு வந்த ஆத்திரத்தில் எல்லார் முன்னாலும் கேட்டேன்: "ஏங்க, களிமண்ணுக்குக் காத்திருக்கீங்க. எனக்கு நாலு வாரம் காத்திருக்க முடியாதா?"

மறுநாள் அவரே கடலூருக்கு அழைத்துப் போனார். அடுத்துக் கொடுத்த மாத்திரையில் பகலெல்லாம் மரக்கட்டையாய்த் தூங்கினேன். அதையும் டாக்டரம்மாதான் மாற்றினார். மூன்றாவது மாத்திரை ஆரம்பித்து ஐந்து வாரம் கழித்து, ஒரு காலை பொம்மைக்குக் கண் எழுதிக்கொண்டிருந்தபோது எனக்குப் பசித்தது. எத்தனையோ மாதம் கழித்து வந்த பசி. நாலு இட்லி தின்றேன்.

இப்போதெல்லாம் மாத்திரைக்குத் தண்ணீர் அவரே கொண்டுவருகிறார். தங்கை வந்திருந்தால் மட்டும், "தைராய்டு மாத்திரை போட்டியா?" என்று தெருவுக்கே கேட்கும்படி விசாரிப்பார். நான் பிழைத்ததில் அவருக்குச் சந்தோஷம்தான். எதனால் பிழைத்தேன் என்பதில்தான் வெட்கம்.

போன வாரமும் கேட்டார். நாத்தனார் எதிரில் உட்கார்ந்திருந்தாள்.

"மனசு சரியில்லாததுக்குக் குடுத்த மாத்திரைதானங்க? போட்டுட்டேன்" என்றேன், அதே சத்தத்தில்.