ரெஜினாவின் ட்ரெயிலர் விற்பனைக்கு இல்லை

காலை ஆறரை மணிக்கு ரெஜினாவின் தம்பி பீற்றர் தொலைபேசியில் அழைத்தார். நான் குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். "அக்கா போயிட்டா, பரமேஸக்கா" என்றார். கையைக்கூடக் கழுவாமல் கதிரையில் இருந்துவிட்டேன். அவர் கொஞ்ச நேரம் அழுதார். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "முத்தத்தில பந்தல் போட ஆக்கள் வருகினம். அந்த வள்ளத்தை எங்க கொண்டுபோய் விடுறது? தூக்கிறதுக்கு எட்டுப் பேருக்குச் சொல்லியிருக்கிறன்" என்றார்.

எனக்கு முதலில் வந்தது கோபம். அழுகை பிறகுதான் வந்தது. "ஒருத்தரும் அதில கை வைக்கக்கூடாது. நான் வாறன்" என்று சொல்லிவிட்டுத் தொலைபேசியை வைத்தேன்.

எங்கள் பழைய அலுவலகத்தில் ரெஜினாவோடு வேலை செய்தவர்கள் இதை வாசிப்பீர்கள் என்று நினைக்கிறேன். வரைபடம் வரையும் பிரிவில் சன்னலோரம் இருந்த அந்த உயரமான பெண்ணை உங்களுக்கு மறந்திருக்காது. நான் அதே மாடியில் தட்டச்சு மேசையில் இருந்தவள். முப்பது வருடம் ஒரே மேசையில் மத்தியானச் சாப்பாடு சாப்பிட்டோம். இரங்கற் கூட்டத்தில் அவருடைய பக்தி, பொறுமை, சாந்தம் என்றெல்லாம் பேசினீர்கள். பக்தி இருந்தது, மறுக்கவில்லை. மற்ற இரண்டையும் யாரிடம் கண்டீர்களோ தெரியாது. ஓய்வு பெற்ற பிறகு அவர் கட்டிய படகைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. சிலர் அதைப் பார்த்துச் சிரித்தது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அதனால் அதைப் பற்றியே எழுதுகிறேன்.

ரெஜினா குச்சவெளியில் பிறந்தவர். தகப்பனும் தமையன்மாரும் கடலுக்குப் போனவர்கள். பெண் ஏறினால் மீன் படாது என்று சொல்லி அவரை ஒருநாளும் வள்ளத்தில் ஏற்றவில்லையாம். கரையில் நின்று கயிறு பிடிக்க மட்டும் விட்டார்கள். அந்தக் கோபத்தை அவர் ஐம்பது வருடம் பத்திரமாக வைத்திருந்தார். ஓய்வு பெற்ற அடுத்த மாதமே ஓர்ஸ் ஹில் வீட்டு முற்றத்தில் பிளைவூட் பலகைகள் வந்து இறங்கின. பத்தடி நீளம், தட்டையான அடிப்பக்கம், துடுப்பால் வலிக்கிற சின்னப் படகு. வரைபடம் அவருடையது, வேலையும் அவருடையது. "இதில ஆர் ஏறலாம், ஆர் ஏறக்கூடாது எண்டு இனி நான்தான் சொல்லுவன்" என்றார்.

படகு முடிந்தது. முற்றத்திலிருந்து உள்துறைமுகக் கரைக்கு நடந்தால் பத்து நிமிடம். அந்தப் பத்து நிமிடம்தான் பிரச்சினை. நாலு பேரைக் கூப்பிட்டால் தோளில் தூக்கிக்கொண்டு போய் விட்டிருப்பார்கள். நானும் அதைத்தான் சொன்னேன். அதற்கு அவர் சொன்ன பதில் இன்றைக்கும் என் காதில் இருக்கிறது: "தள்ளிவிட ஆள் கூப்பிட்டால், எப்ப போறது, எப்ப வாறது, போகலாமா வேண்டாமா எல்லாம் அவைதான் சொல்லுவினம், பரமேஸ். எனக்கு அது வேண்டாம்."

கந்தளாயில் ஒருவர் குளத்துக்குப் படகு கொண்டுபோகிற ட்ரெயிலர் ஒன்றை விற்கிறார் என்று கேள்விப்பட்டு, இருவரும் பஸ்ஸில் போய்ப் பார்த்து வாங்கினோம். இரண்டு சில்லு, ஒரு அச்சு, நீளமான இரும்புச் சட்டம். அது ஒடுங்கிய பைபர் படகுக்குச் செய்தது. நடுவில் பள்ளமாக உருளைகள் இருந்தன. ரெஜினாவின் படகு அகலம், அடி தட்டை. ஏற்றிப் பார்த்தபோது உருளைகளில் நிற்காமல் இரண்டு பக்கமும் சரிந்து சரிந்து ஆடியது. எங்கள் தெருமுனையில் வெல்டிங் கடை வைத்திருக்கும் நசார் நானா வந்து சுற்றிப் பார்த்துவிட்டு, "மிஸ், வள்ளத்துட வயித்த ரெண்டு பக்கமும் கொஞ்சம் சீவி விட்டா சரியா இறங்கிடும்" என்றார். ரெஜினா அவரை மேலும் கீழும் பார்த்தார். "நான் ட்ரெயிலருக்காக வள்ளம் கட்டேல்லை, நானா. வள்ளத்துக்காகத்தான் ட்ரெயிலர் வாங்கினனான். வெட்டுறதெண்டால் ட்ரெயிலரை வெட்டுங்கோ."

உருளைகள் கழன்றன. அவற்றின் இடத்தில் நீளவாக்கில் இரண்டு தாங்கு பலகைகள் வைப்பது என்று முடிவாயிற்று. படகின் அடிப்பக்கம் குறுக்கே தட்டை என்றாலும், நீளவாக்கில் முன்னும் பின்னும் மெதுவாக மேல்நோக்கி வளைவது. பலகையும் அதேபோல் வளைந்திருந்தால்தான் படகு முழுக்கப் பொருந்தி இருக்கும். இங்கேதான் கந்தோர் மேசையிலேயே காலம் கழித்தவர்கள் மட்டும் விடக்கூடிய பிழையை நாங்கள் விட்டோம். ரெஜினா தன் வரைபடத்தை விரித்து, அதிலிருந்த வளைவை ஒரு மயிரிழை பிசகாமல் பலகைக்கு மாற்றினார். நான் அளவுகளை வாசித்தேன், அவர் கோடு போட்டார். வெட்டி, சாக்குச் சுற்றி, படகை ஏற்றினோம். வலது பலகையில் பூட்டியதுபோல் இருந்தது. இடது பக்கம் ஒரு விரல் போகும் இடைவெளி. பலகையில் பிழை என்று புதிதாக ஒன்று வெட்டினார். அதே இடைவெளி. நசார் நானா தொண்டையைச் செருமிக்கொண்டு, "மிஸ் கோவிச்சுக்கொள்ளப்படாது. பலகை சரி. வள்ளந்தான் கோணல்" என்றார்.

இரண்டு நாள் ரெஜினா நானாவோடு கதைக்கவில்லை. என்னோடும் அவ்வளவாகக் கதைக்கவில்லை. மூன்றாம் நாள் என்னைக் கூப்பிட்டு, பழைய ஃபைல் மட்டைகளைக் கையில் தந்து, படகுக்குக் கீழே படுக்கச் சொன்னார். அறுபது வயதில், சேலையோடு, மண்ணில் மல்லாக்கப் படுத்தேன். மட்டையைப் படகின் வயிற்றோடு அழுத்திப் பிடித்துப் பென்சிலால் கோடு இழுத்து, வலதுக்கு ஒன்று, இடதுக்கு ஒன்று என்று வளைவெடுத்தோம். இரண்டும் ஒன்றல்ல. "முப்பது வருசமா காகிதத்தில இருக்கிறதுதான் உண்மை எண்டு இருந்திட்டம், பரமேஸ்" என்றார். குரலில் வெட்கம் துளியும் இல்லை. "கோணல் எண்டால் கோணல்தான். என்ர வள்ளம். பலகையைக் கோணலா வெட்டுவம்." அப்படியே வெட்டினோம். படகு இறங்கி அசையாமல் இருந்தது. நானா கைதட்டினார். உலகத்தில் வேறு எந்தப் படகும் அந்த ட்ரெயிலரில் சரியாக இருக்காது.

அடுத்தது பாரம். எங்களிடம் இழுக்க வாகனம் இல்லை. முன்னால் குறுக்குப் பிடி ஒன்றைப் பூட்டிக் கையால்தான் இழுக்க வேண்டும். அச்சு பின்னுக்கு இருந்தால் பிடியில் பாரம் கூடும், தூக்கவே ஏலாது. அச்சை முன்னுக்கு நகர்த்தினால் பாரம் குறையும். நாங்கள் ஆசைப்பட்டு அளவுக்கு மிஞ்சி நகர்த்திவிட்டோம். படகை ஏற்றியதும் பின்பக்கம் தொம்மென்று நிலத்தில் குந்தியது. முன்பிடி மேலே எழும்பி என் கண்ணாடியைத் தட்டிக்கொண்டு போய் மாமரத்தடியில் போட்டது. ரெஜினா எனக்கு என்ன நடந்தது என்று கேட்கவில்லை. "இரண்டு விரக்கடை கூடிப்போச்சு" என்றார். நான் ஏசிக்கொண்டே ஸ்பனரை எடுத்துக் கொடுத்தேன். கடைசியில் அச்சு சரியான இடத்தில் வந்தபோது, பிடியை ஒற்றைக் கையால் தூக்கிக் காட்டினார். அந்த இடத்தில் சட்டத்தில் மஞ்சள் பெயின்ற்றால் ஒரு கோடு போட்டார்.

முதல் நாள் கரைக்கு இழுத்துக்கொண்டு போனோம். மரநிழலில் சீட்டு விளையாடிக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார்கள். தார் றோட்டில் ஒழுங்காக வந்த சில்லுகள் மணலில் ஏறியதும் புதைந்து நின்றுவிட்டன. "விடுங்கோ மிஸ், நாங்கள் தள்ளிவிடுறம்" என்று நாலைந்து பேர் எழும்பினார்கள். நல்ல மனதோடுதான் வந்தார்கள், அதையும் சொல்ல வேண்டும். எனக்கு வேர்த்து வழிந்தது. சரி, தள்ளட்டும் என்று இருந்தது. ரெஜினா, "நீங்கள் இருந்து விளையாடுங்கோ" என்றார். குந்தியிருந்து இரண்டு ரயரிலும் பாதிக் காற்றைத் திறந்து விட்டார். ரயர் சப்பளிந்து அகலமானது. பிறகு இழுத்தோம், மணலுக்கு மேலாலேயே உருண்டு போனது. பின்னால் சிரிப்பு நின்றது எனக்குக் கேட்டது. திரும்பும்போது றோட்டோரம் நின்று சைக்கிள் பம்பால் காற்றடித்தார். பம்பை வீட்டிலிருந்தே பையில் போட்டுக் கொண்டுவந்திருக்கிறார், எனக்குச் சொல்லவில்லை.

அவர் வலித்துக்கொண்டு போவார், நான் கரையில் நிற்பேன். சுனாமியில் கடல் எங்கள் வீட்டுக்குள் வந்து போன நாளிலிருந்து நான் கணுக்காலுக்கு மேல் தண்ணீரில் இறங்கியதில்லை. ரெஜினா ஒவ்வொரு முறையும், "ஏறும்" என்பார். நான், "ஏலாது" என்பேன். வற்புறுத்தியதில்லை. வேறு விடயங்களில் என்னைப் பாடாய்ப் படுத்திய மனுசி, இதில் மட்டும் ஒரு சொல்லுக்கு மேல் சொன்னதில்லை.

பிறகு ரெஜினாவுக்கு வருத்தம் வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தார். சத்திரசிகிச்சைக்குப் பிறகு வலது கையில் பலமில்லை. அச்சை இன்னும் கொஞ்சம் முன்னுக்கு நகர்த்தி இரண்டாவது மஞ்சள் கோடு போட்டோம். அந்தக் கோட்டோடு ஒரு வருடம் கடலுக்குப் போனார். வைத்தியர் வேண்டாம் என்றார், பாதர் வேண்டாம் என்றார், பீற்றர் காலில் விழாத குறை. "படுத்துக் கிடந்தாலும் போகப்போற உயிர்தானே, அது கொஞ்சம் காத்து வாங்கிக்கொண்டு போகட்டும்" என்றார்.

இறப்பதற்கு இரண்டு மாதம் முன்பு என்னைக் கூப்பிட்டார். முற்றத்தில் கதிரை போட்டு, தலையில் துவாய் கட்டிக்கொண்டு இருந்தார். அச்சை நகர்த்தி மூன்றாவது கோடு போட வேண்டும், பிடியையும் கீழே இறக்க வேண்டும் என்றார். பிடி எதற்கு என்று கேட்டேன். "எனக்கு இப்ப நிமிர ஏலாது. கூனிக்கொண்டுதான் இழுக்க வேணும்" என்றார். அவரால் எழும்பவே முடியாது என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். நான் நட்டுகளைக் கழற்றினேன். "நீர் பிடிச்சுப் பாரும். இன்னும் இறக்கும். கொஞ்சம் ஏத்தும். நேரா நில்லும், ஏன் குனியிறீர்?" என்று கதிரையிலிருந்து உத்தரவு வந்துகொண்டே இருந்தது. முடிந்ததும் கதிரையில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். அதற்குப் பிறகு ட்ரெயிலர் முற்றத்தை விட்டு நகரவில்லை.

பீற்றர் அழைத்த அன்று காலை நான் போய்ச் சேர்ந்தபோது எட்டுப் பேர் படகைச் சுற்றி நின்றார்கள். பந்தல் கம்பிகள் மதிலில் சாத்தியிருந்தன. ரெஜினா உள்ளே வெள்ளைச் சேலையில் கிடந்தார். நான் முதலில் உள்ளே போகவில்லை. "தள்ளி நில்லுங்கோ" என்று சொல்லிவிட்டுப் பிடியைப் பிடித்தேன். ஒற்றைக் கையில் எழும்பியது. குனியவில்லை, கையை மடிக்கவில்லை, பிடி சரியாக என் இடுப்பளவில் நின்றது. நான் நாலடி பத்தங்குலம். ரெஜினா எவ்வளவுதான் கூனினாலும் என் உயரத்துக்கு வந்திருக்கமாட்டார். கதிரையில் இருந்தபடி, என்னையே நிறுத்தி, எனக்கே தெரியாமல் எனக்கு அளவெடுத்திருக்கிறார்.

எனக்குக் கோபம் பொங்கியது. கேட்டாரா? நான் ஓம் என்று சொன்னேனா? அழுதுகொண்டே இழுத்தேன். எட்டுப் பேரும் ஒதுங்கி வழிவிட்டார்கள். படலையைத் தாண்டி, அதே தெருவில் என் வீட்டு வேலியோரம் கொண்டுபோய் நிறுத்திவிட்டுத்தான் திரும்பி வந்து அவர் முகத்தைப் பார்த்தேன். அந்த முகத்தில் சாந்தம் இருந்தது என்று நீங்கள் சொன்னீர்கள். எனக்கென்னவோ, தான் நினைத்ததைச் செய்து முடித்த திமிர்தான் தெரிந்தது.

எட்டாம் நாள் பீற்றர் வந்தார். படகை ஒரு விருந்தினர் விடுதிக்காரர் பூ நடுவதற்குக் கேட்கிறாராம், ட்ரெயிலருக்கு வேறு ஆள் இருக்கிறதாம். நான் அவரைக் கூட்டிக்கொண்டு போய் இரண்டு தாங்கு பலகைகளையும் காட்டினேன். "இதில உங்கட ஆளின்ர வள்ளம் நிக்காது. இந்த வள்ளமும் வேறொண்டில நிக்காது. ரெண்டையும் பிரிக்க ஏலாது, பீற்றர்." பிறகு பிடியைத் தூக்கச் சொன்னேன். அவர் ஆறடி மனிதர், முதுகு வளைந்து போயிற்று. என்னைப் பார்த்தார், பிடியைப் பார்த்தார். "அக்கா உங்களுக்கெண்டே செய்திருக்கிறா போல" என்றார். அதற்குப் பிறகு விற்பனைக் கதை எடுக்கவில்லை. உங்களில் இன்னும் இரண்டு பேர் விலை கேட்டு ஆள் அனுப்பியிருக்கிறீர்கள். இனி அனுப்ப வேண்டாம்.

முப்பதாம் நாள் பூசை முடிந்து வீட்டுக்கு வந்து சேலையை மாற்றினேன். படகை இழுத்துக்கொண்டு கரைக்குப் போனேன். சீட்டு விளையாடுகிறவர்கள் எழும்பினார்கள். "நீங்கள் இருந்து விளையாடுங்கோ" என்றேன். ரயரில் பாதிக் காற்றைத் திறந்து விட்டேன். தண்ணீர் கணுக்காலுக்கு வந்தது. முழங்காலுக்கு வந்தது. எனக்குப் பயம், பொய் சொல்லமாட்டேன், பல் கிட்டும் அளவுக்குப் பயம். படகு பலகையிலிருந்து தானாக மிதந்து எழும்பியபோது ஏறி உட்கார்ந்தேன். கரையிலிருந்து இருபது முழம்தான் போயிருப்பேன். துடுப்பு ஒழுங்காகப் பிடிக்கத் தெரியாமல் வட்டமடித்தேன். கரையில் ஒருவரும் சிரிக்கவில்லை.

அவருடைய ஸ்பனரும் சைக்கிள் பம்பும் மூன்று மஞ்சள் கோடுகளும் இப்போது என்னிடம் இருக்கின்றன. அவர் ஐம்பது வருடம் வைத்திருந்த கோபத்தையும் நானே எடுத்துக்கொண்டேன், அதற்கு வேறு வாரிசு இல்லை. அன்று திரும்பி வரும்போது றோட்டோரம் ட்ரெயிலரை நிறுத்தினேன். இரண்டு ரயருக்கும் காற்றை நானே அடித்தேன்.